இருபது மணி நேரமா, ஆறரை மணி நேரமா? உங்கள் பிரசவம் உங்களுக்கு எப்படி நினைவில் இருக்கிறது?

நந்தியாவட்டை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். போன வாரம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வந்த அன்று இரவே, "அம்மா, நான் பிறந்தபோது உங்களுக்கு எவ்வளவு நேரம் வலி இருந்தது?" என்று கேட்டாள். இருபத்தெட்டு ஆண்டுகளாக உறவினர்களிடமும் அலுவலகத் தோழிகளிடமும் நான் சொல்லிவரும் பதிலையே அவளிடமும் சொன்னேன். இருபது மணி நேரம் வலியில் கிடந்தேன், நீ பிறந்த பிறகும் வெகுநேரம் அழவில்லை, உயிரில்லாத பிள்ளையைத்தான் பெற்றுவிட்டேன் என்று நினைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, பேரப்பிள்ளைக்குப் போடுவதற்காகப் பழைய வெள்ளிக் காப்பைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே 1997 மே மாதத்து டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்த நேரம் இரவு 2.40, பிரசவம் காலை 9.10, பெண் குழந்தை, எடை 2 கிலோ 800 கிராம், பிறந்த உடனே அழுதது, தையல் போடப்பட்டது. அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் ஆறரை மணி நேரம். குழந்தை உடனே அழுதிருக்கிறது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ என்னைப் பொய்யி என்று சொல்லிவிட்டுப் போனது போல் இருந்தது. ஆனால் அந்த இரவின் வேறு சில காட்சிகள் எனக்கு நேற்று நடந்தவை போலத் தெரிகின்றன. வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்களை உள்ளே போட்டிருக்கக் கூடாது என்று சொல்லி, ஓர் ஆயாம்மா என் கையை வாளித் தண்ணீரில் நனைத்து, சோப்பு நுரை தடவி, ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். கை வீங்கியிருந்ததால் கடைசி மூன்று வரவில்லை. அவற்றை உடைத்துத்தான் எடுத்தார். மொத்தம் பத்தொன்பது. அந்த எண்ணிக்கை இன்றும் நினைவில் இருக்கும்போது, ஆறரை மணி நேரம் எப்படி இருபது மணி நேரமாக மாறும்?

உங்களில் பிள்ளை பெற்றவர்கள் அந்த நேரத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்? பிறகு ஏதேனும் ஒரு தாளோ, உடனிருந்தவர்களின் பேச்சோ அதை மாற்றியிருக்கிறதா? மகளிடம் எந்தக் கதையைச் சொல்வது என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் அவள் இன்னும் இருபது மணி நேரம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஏலத்தோட்டம்

எனக்கு இரண்டு பிரசவங்கள், இரண்டுமே அரசு மருத்துவமனையில், இரண்டுமே சுகப்பிரசவம். முதலாவது 2003-இல், இரண்டாவது 2008-இல். கடிகாரக் கணக்கில் இரண்டாவதுதான் நீண்டது, ஏனென்றால் வலி பாதியில் நின்றுபோய், டிரிப்பில் மருந்து ஏற்றி மறுபடியும் வரவழைக்க வேண்டியிருந்தது. ஆனால் யாராவது கேட்டால் முதலாவதுதான் நீண்டது என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

காரணம் எனக்குத் தெரியும். முதல் பிரசவத்தில் என் அம்மாவை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, அதில் மூன்று பேர் குறுக்கே படுத்திருந்தோம். கடிகாரம் என் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அதன் சத்தம் கேட்கும், முகம் தெரியாது. மணி என்ன என்று கேட்டதற்கு ஒருவர், "தெரிந்து என்ன பஸ்ஸா பிடிக்கப் போகிறாய்?" என்றார். அன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை, இன்றைக்கும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த பெண்ணின் முகம் நினைவில்லை, அவள் பற்றியிருந்த என் முழங்கையின் வலி மட்டும் இருக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில், பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. அதனால் 2008-இல் என் மாமியார் உள்ளே வந்தார். ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் பழம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றைக்குக் கூலி போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டேதான் வந்தார். வலி ஏறும்போதெல்லாம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் என் நடு இடுப்பில் அழுத்திப் பிடிப்பார். வலி இறங்கியதும் கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். எந்த மேஸ்திரி கிலோவுக்கு எவ்வளவு குறைத்தான், எந்தச் சரிவில் அட்டை அதிகம், எந்த வளைவில் ஜீப் உருண்டது என்று முழுத் தோட்டத்தையும் அந்த அறைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஜீப் எந்த வளைவில் உருண்டது என்பது எனக்கு இன்றும் தெரியும். எத்தனை மணிக்கு டிரிப் போட்டார்கள் என்பது தெரியாது.

எனவே, அக்கா, இருபது மணி நேரம் என்று சொன்னதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்களுடன் உள்ளே யார் இருந்தார்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லையே? அந்த ஆயாம்மாவைத் தவிர வேறு எவரும் உங்கள் கதையில் வரவில்லை என்பதைப் படித்தவுடன் கவனித்தேன்.

மாத்திரைத் தட்டு

நான் ஓய்வுபெற்ற செவிலியர். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில் கழிந்தது. நந்தியாவட்டை அம்மா எழுதியதைப் படித்ததும், மறுபக்கத்தில் நின்று அதே சீட்டுகளை எழுதியவள் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுடைய வலி தொடங்கிய நேரம் வேறு, நாங்கள் பிரசவ வலி என்று கணக்கெடுக்கத் தொடங்கும் நேரம் வேறு. கருப்பை வாய் மெல்ல மெல்ல இளகித் திறக்கத் தொடங்கும் முதல் கட்டம், தலைப்பிரசவத்தில் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும்; வலி வரும், நிற்கும், தூங்க விடாது, ஆனால் எங்கள் கணக்கில் அது ஏறாது. அமெரிக்க மருத்துவர் ஃபிரீட்மன் 1955-இல் பிரசவ முன்னேற்றத்தை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியதிலிருந்து, கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்ற அளவுகோல் உலகம் முழுவதும் பரவியது. 1972-இல் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) உருவாக்கிய, பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளின் வழிவந்த தாள்களில்தான் நாங்களும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தோம். உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் திருத்திய வடிவத்தில் அந்தக் கோடு நான்கு சென்டிமீட்டரில்தான் தொடங்கும். 2018-இல் வந்த அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல் அதை ஐந்தாக மாற்றியதோடு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பதை எல்லாப் பெண்களுக்கும் விதியாக வைக்கக் கூடாது என்றும், ஆரம்பக் கட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று ஒரு வரையறை கிடையாது என்றும் சொல்லிவிட்டது. உங்கள் சீட்டிலோ அந்தக் கோடுகூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலை நீங்கள் தாண்டிய நேரம்தான் இருக்கிறது. வீட்டில் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த நேரமெல்லாம் எங்கள் பேனாவுக்கு எட்டாதது.

அடுத்து, குழந்தை அழுததைப் பற்றி. வர்ஜீனியா ஆப்கர் என்ற மருத்துவர் 1952-இல் வகுத்த முறைப்படி, குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் சிணுங்குகிறதா என்ற ஐந்தையும் பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் பார்த்து மதிப்பெண் போடுவோம். முப்பது, நாற்பது விநாடிக்குள் குழந்தை குரல் கொடுத்துவிட்டால் எங்கள் மொழியில் அது 'உடனே அழுதது'தான். அந்த நாற்பது விநாடியில் நாங்கள், அன்றைய வழக்கப்படி, தொப்புள்கொடியை வெட்டி, குழந்தையை மேசைக்குக் கொண்டுபோய், வாயிலும் மூக்கிலும் சளி உறிஞ்சி, துணியால் முதுகைத் தேய்த்து, உள்ளங்காலில் சுண்டிக்கொண்டிருப்போம். கைக்கு வேலை இருப்பதால் எங்களுக்கு அது நொடியில் போய்விடும். தாய் அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியாமல் மல்லாந்து கிடப்பாள். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது விநாடி சும்மா இருந்து பாருங்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் சீட்டை அவ்வளவு நம்பாதீர்கள். இரவுப் பணியில் நான்கைந்து பிரசவங்கள் அடுத்தடுத்து நடக்கும். யாருக்கும் நின்று எழுத நேரம் இருக்காது. பணி முடியும் தறுவாயில், காலை எட்டு மணிக்கு மேல், ஒரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக எழுதுவோம். எடை சரியாக இருக்கும், ஏனென்றால் அது உள்ளங்கையிலோ துண்டுத் தாளிலோ குறித்து வைத்தது. நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் முன்பின் ஆகும். 'உடனே அழுதது' என்பது, அழாத குழந்தைக்குத் தவிர மற்ற எல்லாக் குழந்தைக்கும் கை பாட்டுக்கு எழுதிவிடும் வரி. ஆக, உங்களிடம் இருப்பது உங்கள் ஞாபகத்துக்கு எதிரான சாட்சி அல்ல, களைத்துப்போன இன்னொருத்தியின் ஞாபகம்.

ஞாபகத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பிரசவ வகுப்புகள் நடத்திவந்த பென்னி சிம்கின் என்பவர், தன் மாணவிகள் தலைப்பிரசவம் முடிந்த கையோடு எழுதிக் கொடுத்திருந்த குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் இருபது பேரை மறுபடியும் எழுதவைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1991, 1992-இல் அது இரண்டு பகுதிகளாக வெளியானது. பெரும்பாலானவர்கள் மிகத் துல்லியமாகவே நினைவில் வைத்திருந்தார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் தங்களிடம் என்ன சொன்னார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைக் குறிப்பாக மறக்கவில்லை. பணியில் இருந்த காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் நாங்கள் சொன்ன சொற்கள் எப்படிப்பட்டவை என்று எங்களுக்குத் தெரியும். வலியில் கத்தும் பெண்ணின் வாயை அடைக்க வார்டுகளில் புழங்கிய அந்த வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன். பிரசவ வார்டில் படுத்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்கும். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று சில இரவுகளில் நினைப்பதுண்டு.

ஏலத்தோட்டம் எழுதியதற்கும் ஒரு வரி சேர்க்கிறேன். 26 ஆய்வுகளை, 15,000-க்கும் அதிகமான பெண்களின் அனுபவத்தைத் திரட்டி 2017-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை, விட்டுப்போகாமல் ஒருவர் உடனிருந்தால் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் சற்றே குறைகிறது, பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்வதும் குறைகிறது என்றே சொல்கிறது. உங்கள் மாமியாரின் அன்றைய கூலி வீண்போகவில்லை.

பச்சைத்திரை

சுகப்பிரசவக்காரர்களின் இந்தப் பேச்சில் நான் கலந்துகொள்ளலாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் எனக்குச் சிசேரியன். 2019-இல், சென்னையில், தனியார் மருத்துவமனையில். "உனக்கென்னம்மா, வலி தெரியாமல் பெற்றுக்கொண்டாய்" என்று சொல்லி, இப்படிப்பட்ட பேச்சுகளிலிருந்து உறவுக்காரப் பெண்கள் என்னை ஒதுக்கிவைப்பது வழக்கம். ஒதுக்குவதற்கு நான் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8 விழுக்காடு. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. அதாவது, என்னைப் போன்றவர்கள் இந்த மாநிலத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஆனால் பிரசவக் கதை என்றால் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

என் நேரக் கணக்கில் குழப்பமே கிடையாது. பதினோரு மணி நேரம் வலி. பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்றார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், அடுத்த இருபது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே. எனக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், வேளச்சேரி வழியாக வந்தால் இந்த நேரத்தில் நெரிசல் இருக்காது என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வலி இல்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. பரணில் இருந்து பாத்திரம் எடுப்பவர் கீழே இருக்கும் சாமான்களை நகர்த்துவது போல் என்னை உள்ளே நகர்த்தினார்கள். என் மகன் பிறந்த கணம் எது என்று கேட்டால், வேளச்சேரிக்கும் நெரிசலுக்கும் நடுவில் என்றுதான் சொல்ல முடியும்.

என்னைப் பொறுத்தவரை பிரசவம் மறுநாள்தான் நடந்தது. தையல் போட்ட வயிற்றுடன் கட்டிலிலிருந்து இறங்கிக் கழிவறை வரை நடக்கச் சொன்னார்கள். பத்தடி தூரம்தான் இருக்கும். ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, இருமல் வந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன். அதை எந்தச் சீட்டும் குறிக்கவில்லை. அந்த அறுவை தேவையாகத்தான் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இதயத்துடிப்புப் பதிவுத் தாளின் நகலைக் கேட்டேன். தரமுடியாது என்று சொல்லாமல், நாளைக்கு வாருங்கள் என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காம் முறை போகவில்லை.

நந்தியாவட்டை அம்மா, உங்கள் மகளிடம் சொல்லும்போது, கத்தி வைக்க வேண்டிவந்தால் அதுவும் பிரசவம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முப்பத்துநாலாம் வாரம்

நான் பெறப்போகிறவள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். இந்த ஏழெட்டு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை இரண்டே வகைப் பேச்சுகள். ஒன்று, "ஒன்றும் ஆகாது, பயப்படாதே." மற்றது, யாரோ ஒருவருடைய நாத்தனாருக்கு என்ன ஆயிற்று என்ற கதை. நடுவில் எதுவும் இல்லை. ஆரம்பக் கட்டம் ஒரு நாள்கூட நீடிக்கலாம், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்பதை இன்று, இங்கே, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எழுதித்தான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. எனவே மகளிடம் இரண்டு கணக்கையும் சொல்லிவிடுங்கள். என் அம்மா, தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

கைதடி வெளி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் சீட்டைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் எழுதுவதைப் படித்தபோது, என் மூத்த மகனின் சாதகம் (ஜாதகம்) நினைவுக்கு வந்தது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி, போர் காரணமாக யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்கு நிறைமாதம். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில் நகர்ந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சொல்ல முடியாது. ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டும். என் கணவர் சைக்கிளின் பின் கரியரில் தலையணையைக் கட்டி என்னை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில், முன்பின் தெரியாத ஒரு வீட்டாரின் விறாந்தையில் எங்களுக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. ஐந்தாம் நாள் வலி கண்டது.

வைத்தியசாலைக்குப் போக வாகனம் இல்லை. இருந்தாலும் எரிபொருள் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாக மண்ணெண்ணெயைத் துளி துளியாகச் செலவழித்த காலம் அது. 1990-இலிருந்தே எங்களுக்கு மின்சாரமும் இல்லை. அந்த வீட்டுக்கார அம்மா இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு வயோதிப மருத்துவிச்சியை அழைத்து வந்தார். வெளிச்சம் என்றால் ஒரு ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் சிறிது பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. சுவாலை ஒரு நெல்மணி அளவுக்கு மேல் எழாது. மருத்துவிச்சி அம்மா அதை என் காலடியில் வைப்பதும், காற்று வந்தால் உள்ளங்கையால் மறைப்பதுமாக இருந்தார். நான் பிரசவம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கையைத்தான். விளக்கின் முன்னால் பிடித்த விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரியும். கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விறாந்தையின் மறுபக்கத்தில் இரண்டு குடும்பங்கள் படுத்திருந்ததால் நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை. என் கணவரின் மணிக்கூடு வழியில் நனைந்து நின்றுபோயிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு, மழையிலும் ஏதோ ஒரு வீட்டுச் சேவல் கூவியது என்று என் அம்மா சொன்னார். சேவல் முதல் தரம் கூவினால் இத்தனை மணி என்று அவரே ஒரு கணக்குப் போட்டு, அதிகாலை 4.20 என்று முடிவு செய்தார். பிறகு பிறப்புப் பதிவுக்கும் அதையே கொடுத்தோம், சாதகமும் அந்த நேரத்துக்கே எழுதப்பட்டது. எனக்கு அந்தச் சேவல் நினைவிலேயே இல்லை. அம்மா, தன் பேரனுக்குச் சாதகம் வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு சேவலை உண்டாக்கினாரோ என்றுகூடச் சில வேளைகளில் நினைப்பேன். சென்ற ஆண்டு அவனுக்குக் கல்யாணம் பேசியபோது, ஸ்காபரோவில் ஒரு சாத்திரியார் அந்த 4.20-ஐ வைத்து நட்சத்திரப் பாதம் வரை ஆராய்ந்து, பொருத்தம் ஆறுதான் என்று சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நடந்துவிட்டது.

இரண்டாவது பிள்ளை இங்கே, ரொறன்ரோவில். முதுகில் ஊசி போட்டார்கள், கணவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு நிமிடமும் தாளில் ஓடியது. எல்லாம் நன்றாகவே நடந்தது. நீங்கள் கேட்டால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நான்கு வரிகூட வராது. ஆனால் அந்த விறாந்தை வீட்டம்மா முப்பத்தொரு நாளும் தன் வீட்டு அரிசியிலேயே எனக்குச் சோறு போட்டு, உள்ளியும் மிளகும் தட்டிப் போட்டுப் பத்தியக் கறி வைத்து, வேதுத் தண்ணீர் வார்த்துவிட்டார். தன் பிள்ளைகளுக்கே பால் மா இல்லாத வீடு அது. அவருடைய பெயரை மகனின் பிறப்புப் பத்திரத்தில் எழுத எந்த இடமும் இருக்கவில்லை.

நந்தியாவட்டை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஏலத்தோட்டம் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உள்ளே என்னுடன் யாரும் இல்லை. அம்மா வெளியே நின்றார். எனவே உங்கள் பதில்களையெல்லாம் படித்துக் காட்டி, அவரிடமே விசாரித்துவிடலாம் என்று நேற்று மாலை உட்கார்ந்தேன். அவருக்கு எழுபத்தாறு வயது. காது சற்று மந்தமே தவிர நினைவு மங்கவில்லை.

வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். முந்தைய நாள் மதியம், மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தபோது நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேனாம். சூட்டு வலியாக இருக்கும் என்று சொல்லிச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். பொய் வலி என்றால் கஷாயத்துக்கு அடங்கும், மெய் வலி என்றால் ஏறும் என்பது அவர் கணக்கு. மதியம் ஒரு மணி என்று வைத்துக்கொண்டால் மறுநாள் காலை 9.10 வரை கிட்டத்தட்ட இருபது மணி நேரம். எனக்கு அப்படியே துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அம்மா அடுத்த வாக்கியத்திலேயே அதைப் பிடுங்கிக்கொண்டார். "அதெல்லாம் வலியில் சேர்த்தியா? ராத்திரி ரெண்டு தோசை சாப்பிட்டாய், கெட்டிச் சட்னி கேட்டாய். மெய் வலி பன்னிரண்டு மணிக்கு மேல்தான்" என்றார். பார்ட்டோகிராஃப் பார்த்திராத என் அம்மா செவிலியர் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்கு அந்தத் தோசையும் நினைவில்லை, சட்னியும் நினைவில்லை. மாடியின் வெயில்தான் இருக்கிறது.

குழந்தை எப்போது அழுதது என்றும் கேட்டேன். வெளியில் நின்றபடி முருகா, முருகா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாராம். ஓர் அழுகை கேட்டதாம். ஆயா வெளியே வந்து, பெண் குழந்தை என்று சொல்லிக் கையை நீட்டியபோது பத்து ரூபாய் கொடுத்தாராம். ஆனால் அழுகைக்கும் ஆயா வந்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது என்கிறார். அன்றைக்கு உள்ளே மூன்று பேர் இருந்தோம் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரிகிறது. எனக்கு மறைப்புக்கு அப்பால் வேறு எவரும் இருந்ததாகவே நினைவில்லை. ஆக, அவர் கேட்ட அழுகை என் மகளுடையதுதானா, அடுத்த கட்டிலின் பிள்ளையுடையதா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. சொல்லும்போது முதல்முறையாகச் சற்றுத் தடுமாறினார். இத்தனை ஆண்டுகளாக அது தன் பேத்தியின் குரல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை நான் வீணாகக் கலைத்துவிட்டேனோ என்று வருத்தமாகிவிட்டது.

வளையல்கள் மட்டும் தீர்ந்த விஷயம். முழு வளையல்கள் பதினாறையும் அம்மா ஒரு துணியில் முடிந்து வாங்கிக்கொண்டு வந்து, வழக்கப்படி தெருக்கோடியில் இருந்த மருத்துவச்சிப் பாட்டிக்குக் கொடுத்திருக்கிறார். உடைந்த மூன்றையும் சேர்த்தால் பத்தொன்பது.

இவை எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிட்டேன். மாடி வெயிலிலிருந்து 9.10 வரை, என் கணக்கு, அம்மாவின் கணக்கு, சீட்டின் கணக்கு மூன்றையும் சொன்னேன். பச்சைத்திரை சொல்லச் சொன்னதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், அவர்கள் பதிவு செய்திருக்கும் மருத்துவமனையில் ஒருவரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். நான்தான் என்று நினைத்துக்கொண்டு, என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று மனத்துக்குள் பட்டியல் போடத் தொடங்கிவிட்டேன். "அவர் உள்ளே வரட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள் அம்மா, கையில் வாட்ச் கட்டிக்கொண்டு" என்றாள். நேற்றே கடைத்தெருவுக்குப் போய்ப் பழைய கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.